நீதியைத் தமிழிற் பேசவைத்த முன்சீப் வேதநாயகம் பிள்ளை

முன்னுரை

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைப் படிக்குந்தோறும் ஒரு செய்தி நம் கவனத்தை ஈர்க்கும். கணவனை இழந்த ஒரு பெண், அறிமுகமற்ற நகரில், துணையேதுமின்றி அரண்மனை வாயிலுக்கு வருகிறாள். வாயிற்காவலன் அவள் வரவை உடனே மன்னனுக்கு அறிவிக்கிறான். அவள் தன் ஊரையும் குலத்தையும் குறையையும் தானே எடுத்துரைக்கிறாள். தன் சிலம்பை உடைத்துச் சான்று காட்டுகிறாள். மன்னன் தன் பிழையை உணர்கிறான். கண்ணகிக்கு வழக்கறிஞர் தேவைப்படவில்லை, மொழிபெயர்ப்பாளரும் தேவைப்படவில்லை. அவள் பேசிய மொழியும் மன்னன் கேட்ட மொழியும் ஒன்றாக இருந்தன. பாண்டியன் அவையில் நீதி தவறியது உண்மையே. ஆயினும் நீதியின் வாயில் அவளுக்கு அடைபடவில்லை.

பிற்காலத்தில் இந்நிலை மாறியது. ஆட்சியாளர் மொழி வேறு, மக்கள் மொழி வேறு என்றானபின், வழக்காடுபவர் தம் வழக்கின் முடிவைப் பிறர் சொல்லக் கேட்டே அறிய வேண்டியவராயினர். இக்குறையைக் கண்டு வருந்தியவர் பலர். அதனைத் தம் கையாலேயே களைய முற்பட்டவர்களுள் முதல்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை ஆவார். தமிழின் முதற் புதினமாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை இயற்றியவர் என்றே மாணவர் உலகம் அவரை அறியும். நீதித்துறையில் அவர் ஆற்றிய தொண்டு அத்துணைப் பரவலாக அறியப்படவில்லை. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் கல்வியும்

வேதநாயகம் பிள்ளை திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 11ஆம் நாள் பிறந்தார். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை. அன்னையார் ஆரோக்கிய மரியம்மாள். கத்தோலிக்கக் கிறித்தவ சமயத்தைச் சார்ந்த குடும்பம். தியாகராச பிள்ளை என்பாரிடம் தமிழும் ஆங்கிலமும் ஒருங்கே கற்றார். ஒரு மொழியில் ஆழ்ந்தவர் மற்றொன்றில் பின்தங்குவது இயல்பு. இவரோ இரண்டிலும் சம வன்மை பெற்றார். இவ்விருமொழிப் புலமையே பின்னாளில் இவர்தம் பணி முழுமைக்கும் அடித்தளமாக அமைந்தது எனலாம்.

1848ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகப் பணியேற்றார். பின்னர் அங்கேயே மொழிபெயர்ப்பாளராக உயர்ந்தார். மொழிபெயர்ப்பாளர் இருக்கை எளிய இருக்கையன்று. ஒருபுறம் ஆங்கிலம் மட்டுமே அறிந்த நீதிபதி. மறுபுறம் தமிழ் மட்டுமே அறிந்த உழவரும் வணிகரும் கைம்பெண்டிரும். இவ்விரு சாராருக்கும் இடையே அமர்ந்திருப்பவர் ஒரு சொல்லை மாற்றினால் ஒருவர் நிலத்தை இழப்பார். ஒரு சொல்லை விடுத்தால் ஒருவர் சிறை செல்ல நேரும். நீதி என்பது சட்டத்தில் மட்டுமன்றிச் சொல்லிலும் தங்கியிருக்கிறது என்னும் உண்மையை இளம் வயதிலேயே உணரத்தக்க இடம் அது.

முன்சீப் என்னும் பதவி

1857ஆம் ஆண்டு வேதநாயகம் பிள்ளை தரங்கம்பாடியில் மாவட்ட முன்சீப்பாக அமர்ந்தார். அவ்வூர் 1845ஆம் ஆண்டு வரை டேனிஷ்காரர் வசம் இருந்து, பின் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அடுத்துச் சீர்காழியிலும், அதன்பின் மாயூரத்திலும் பணியாற்றினார். மாயூரத்தில் நெடுங்காலம் முன்சீப்பாக இருந்தமையால் அவ்வூர்ப் பெயரே அவர் பெயரோடு ஒட்டி நின்றுவிட்டது. இன்று மயிலாடுதுறை எனப்படுவது அவ்வூரே.

இப்பதவியின் வரலாற்றை ஈண்டுச் சிறிது காண்பது பொருந்தும். சர் தாமஸ் மன்றோ தலைமையில் நடந்த ஆய்வின் விளைவாக 1816ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் சில ஒழுங்குமுறைச் சட்டங்கள் இயற்றப்பட்டன. அவற்றுள் ஒன்று மாவட்ட முன்சீப் பதவியை நிலைபெறச் செய்தது. மற்றொன்று ஊர்த் தலைவரையே கிராம முன்சீப்பாக்கி, பத்து ரூபாய் வரையிலான சிறு வழக்குகளைத் தீர்க்கும் அதிகாரத்தை அளித்தது. இரு தரப்பாரும் இசைந்தால் நூறு ரூபாய் வரையிலான வழக்கை அவர் நடுவராக இருந்து முடித்துவைக்கலாம். இருவரும் உடன்பட்டு வரும் வழக்கை ஊர்ப் பஞ்சாயத்திடம் ஒப்படைக்கவும் வழி செய்யப்பட்டது. அறுபது கல் தொலைவு நடந்து சென்று, பல மாதம் காத்துக் கிடந்து, வழக்குத் தொகையினும் மிகுதியாகச் செலவழித்து நீதி பெறுவதைவிட, ஊரிலேயே பேசி முடிப்பது மேல் என்னும் எண்ணமே இதன் அடிப்படை. இன்று மாற்றுமுறைத் தீர்வு என்று நாம் வழங்குவதன் வித்து அக்காலத்திலேயே ஊன்றப்பட்டமை குறிப்பிடத்தக்கது. 1859ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டமும் நடுவர் தீர்ப்புக்கெனத் தனிப் பகுதியொன்றைக் கொண்டிருந்தது. வேதநாயகம் பிள்ளை நீதி வழங்கிய காலத்துச் சட்டச் சூழல் இதுவாகும்.

முன்சீப் என்னும் சொல் அரபு மொழியிலிருந்து வந்தது. நியாயம் எனப் பொருள்படும் இன்சாப் என்பதனோடு உறவுடையது. நியாயம் செய்பவர் என்பது அதன் பொருள். இஃதன்றி வக்கீல், வக்காலத்து, அமீனா, ஜாமீன், ஜப்தி, வாய்தா, அசல், நகல், ரத்து, ராஜி என நம் நீதிமன்றப் படிக்கட்டுகளில் நாள்தோறும் ஒலிக்கும் சொற்களுட் பல அரபு வேரினவே. மொகலாயர், நவாபுகள் ஆட்சியில் பாரசீகத்தின் வழியே வந்து, கம்பெனி ஆட்சியிலும் நிலைத்துத் தமிழோடு இரண்டறக் கலந்துவிட்டன. ராஜி என்பது மனம் பொருந்திய நிலையைக் குறிப்பது. மனம் பொருந்தாத இடத்தில் ராஜி இல்லை என்பது அச்சொல்லிலேயே அடங்கியுள்ளது. இக்கருத்துக்குப் பின்னர் வருவோம்.

சித்தாந்த சங்கிரகம்

அக்காலத்தில் மாகாணத்தின் உயர்ந்த மேல்முறையீட்டு மன்றமாக விளங்கியது சதர் அதாலத் ஆகும். அதன் தீர்ப்புகளே கீழ்மன்றங்களுக்கு வழிகாட்டி. தத்துரிமை, பாகப்பிரிவினை, ஒற்றி, ஈடு, கோயிற் சொத்து, நீர்ப்பாசன உரிமை என மக்கள் வாழ்வைத் தொடும் ஒவ்வொன்றிலும் அம்மன்றம் கூறியதே சட்டமாயிற்று. ஆயின் அத்தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருந்தன. ஆங்கிலம் அறியாத வழக்கறிஞரும் மக்களும் அவற்றை அறிய வழியில்லை. தமக்குச் சாதகமான தீர்ப்பு ஒன்று உள்ளது என்பதே அறியாமல் எத்தனையோ பேர் வழக்கில் தோற்றிருத்தல் கூடும்.

வேதநாயகம் பிள்ளை இக்குறையை நீக்க முன்வந்தார். 1805ஆம் ஆண்டு முதல் 1861ஆம் ஆண்டு வரை சதர் அதாலத் வழங்கிய தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து மொழிபெயர்த்தார். சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரில் 1862இல் அந்நூல் வெளிவந்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலத் தீர்ப்புகள் ஒரு தமிழ் நூலுக்குள் வந்தன. அவ்வாண்டிலேயே சதர் அதாலத் கலைக்கப்பட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் தோற்றுவிக்கப்பட்டது. ஒரு மன்றம் மறையும் தறுவாயில் அதன் அறிவுச் செல்வம் முழுமையும் மக்களுக்குரியதாக்கப்பட்டது எனில் மிகையாகாது.

இப்பணியின் அருமையை உணர வேண்டுமாயின் அக்காலத் தமிழ் உரைநடையின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். உரைநடை நூல்கள் அரிதாயிருந்த காலம் அது. சட்டத் தமிழுக்கு இலக்கணமும் இல்லை, அகராதியும் இல்லை. ஆங்கிலத் தீர்ப்பின் நீண்ட வாக்கியத்தைப் பொருள் சிதையாமல் தமிழாக்க ஒருவர் சட்டமும் அறிந்திருத்தல் வேண்டும். தமிழும் அறிந்திருத்தல் வேண்டும். பொறுமையும் உடையவராதல் வேண்டும். பகலெல்லாம் வழக்குக் கேட்கும் முன்சீப் ஒருவர் எஞ்சிய நேரத்தில் இதனைச் செய்து முடித்தார் என்பது வியப்புக்குரியது.

நீதிநூலும் கைக்கூலியும்

நீதி மக்களை எட்டாமைக்கு மொழி மட்டுமே தடையன்று. கையூட்டு மற்றொரு பெருந்தடை. 1859இல் வெளிவந்த தம் நீதிநூலில் கைக்கூலியைக் கண்டித்துத் தனியே பாடல்கள் அமைத்தார் வேதநாயகம் பிள்ளை. நீதி வழங்கும் இருக்கையில் அமர்ந்துகொண்டே அவ்விருக்கைக்குரிய குற்றத்தைப் பாடியதில் அவர்தம் நெஞ்சுரம் புலனாகிறது. அறம் கூறும் நூல்களைப் பெரும்பாலும் துறவியரும் புலவரும் இயற்றினர். வழக்குமன்றத்தில் பொய்ச்சான்றையும் கைக்கூலியையும் நேரில் கண்ட ஒருவரின் நூல் என்பதே நீதிநூலின் தனிச்சிறப்பு.

பெண்டிர் நிலை குறித்தும் அவர் எண்ணினார். பெண்கல்வியை வலியுறுத்திப் பெண்மதி மாலை என்னும் நூலை இயற்றினார். மாயூரத்தில் பெண்களுக்கெனப் பள்ளியும் நிறுவினார். எழுத்தறியாப் பெண் கைநாட்டு வைத்துச் சொத்தை இழப்பதைக் காணும் வாய்ப்பு முன்சீப்புக்கு மிகுதி. கல்வியும் நீதியும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

புதினத்தில் வழக்குமொழி

1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தில் கதைத்தலைவி ஞானாம்பாள் ஆண்வேடம் பூண்டு விக்கிரமபுரி என்னும் நாட்டை ஆளும் பகுதி உண்டு. நீதி பரிபாலனம் எவ்வாறு இருத்தல் வேண்டும் என்று ஆசிரியர் கருதினாரோ அதனை அவள் ஆட்சியில் அமைத்துக் காட்டுகிறார். தமிழ் வழங்கும் நீதிமன்றங்களில் தமிழர்களாகிய வழக்கறிஞர்கள் ஆங்கிலத்தில் வாதிடுவதை அந்நூல் கடுமையாக எள்ளி நகையாடுகிறது. நீதிபதியும் தமிழர், வழக்கறிஞரும் தமிழர், கட்சிக்காரரும் தமிழர் எனில், நடுவே அந்நிய மொழி எதற்கு என்பதே அவர் எழுப்பும் வினாவின் சாரம்.

ஆங்கிலத்தின்மீது அவருக்கு வெறுப்பு இருந்ததில்லை. அம்மொழியின் பயனை நன்கு அறிந்தவர், அதனாலேயே உயர்ந்தவர். தாய்மொழியைப் புறக்கணித்து ஆங்கிலத்தைப் பெருமைக்காகக் கையாள்வதையே கண்டித்தார். கட்சிக்காரன் தன் வழக்கில் என்ன நடக்கிறது என்று அறியாமல் ஊமைபோல நிற்கும் காட்சி அவரை வருத்தியது. அதனைக் கட்டுரையாக எழுதியிருப்பின் கற்றோர் சிலரே படித்திருப்பர். கதையாக எழுதியமையால் இன்றளவும் படிக்கிறோம்.

சமரசமும் ஈகையும்

வேதநாயகம் பிள்ளையின் நட்பு வட்டம் சமய எல்லை கடந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்மீது குளத்துக் கோவை பாடினார். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரும் கோபாலகிருஷ்ண பாரதியாரும் அவருடைய நண்பர்கள். அவரியற்றிய சர்வ சமய சமரசக் கீர்த்தனை எந்தச் சமயத்தவரும் பாடத்தக்க வகையில் இறைவனை ஒருவனாகவே போற்றுவது. கிறித்தவராகிய அவர் தம் சமயத்தில் உறுதியாக நின்றுகொண்டே பிறர் சமயத்தை மதித்தார். இந்நூலை ஓதும் இஸ்லாமிய வாசகருக்கும் அந்நியமாய்த் தோன்றுவது எதுவும் இல்லை.

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் அவர் தம் பொருளைக் கொண்டு கஞ்சித்தொட்டிகள் அமைத்துப் பசித்தோர்க்கு உணவளித்தார். அதனைக் கண்ட கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் போற்றிக் கீர்த்தனை பாடினார். பணியிலிருந்து விலகியபின் மாயூரம் நகரமன்றத் தலைவராகவும் தொண்டாற்றினார். 1889ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 21ஆம் நாள் இயற்கை எய்தினார்.

அவர் விட்டுச்சென்ற வினா

வேதநாயகம் பிள்ளை எழுப்பிய வினாவுக்கு நாடு சிறுகச் சிறுக விடை கூறி வருகிறது. 1956ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டத்தில் 1976இல் செய்யப்பட்ட திருத்தம் கீழ்நிலை நீதிமன்றங்களில் தமிழுக்கு இடமளித்தது. உயர் நீதிமன்றத்திலும் தமிழ் வேண்டும் எனத் தமிழ்நாடு சட்டமன்றம் 2006இல் தீர்மானம் நிறைவேற்றியது. எனினும் அங்கு ஆங்கிலமே நீடிக்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 முதல் தன் தீர்ப்புகளுட் சிலவற்றைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் மொழிபெயர்த்து இணையத்தில் வெளியிட்டு வருகிறது. ஒரு முன்சீப் தனியொருவராய் 1862இல் செய்ததை, நாட்டின் உச்ச நீதிமன்றம் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளிக்குப் பின் கையிலெடுத்தது.

மன்றோ காலத்து ஊர்ப் பஞ்சாயத்து எண்ணமும் புது வடிவில் மலர்ந்தது. 1982இல் குஜராத்தில் மக்கள் நீதிமன்றம் கூடியது. அதாலத் என்னும் பழஞ்சொல்லே லோக் அதாலத் என மீண்டு வந்தது. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் அதற்குச் சட்ட வலிமை தந்தது. அச்சட்டம் 1995இல் நடைமுறைக்கு வந்தது. 2005இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரசத் தீர்வு மையம் தொடங்கப்பட்டது. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் மக்கள் நீதிமன்றம் இணையவழியாகவும் கூடத் தொடங்கியது. 2023ஆம் ஆண்டின் சமரசச் சட்டம் இணையவழிச் சமரசத்துக்கும் வழி வகுத்தது.

இவை யாவும் வரவேற்கத்தக்கனவே. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் ஆவடியிலும் பணிபுரியும் தொழிலாளி ஒருவர், காசோலை வழக்குக்கோ விபத்து இழப்பீட்டுக்கோ ஒருநாட் கூலியை இழந்து வாய்தா வாய்தாவாகப் பூவிருந்தவல்லி நீதிமன்றத்துக்கு அலைவதைவிட, ஒரே அமர்வில் பேசி முடித்துக்கொள்வது நன்றே. மக்கள் நீதிமன்றத்தில் முடிந்த வழக்குக்குக் கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். சமாதானம் செய்துகொள்வதை இஸ்லாம் மிகவும் உயர்த்திப் பேசுகிறது. கணவன் மனைவியரிடையே பிணக்கு நேரின் இரு குடும்பத்தினின்றும் ஒவ்வொரு நடுவரை அமர்த்துமாறு திருக்குர்ஆன் வழிகாட்டுகிறது. ஆகவே சமரச முறையின் சிறப்பில் நமக்கு ஐயமில்லை.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மக்கள் நீதிமன்றத் தீர்வு இறுதியானது. அதன்மேல் மேல்முறையீடு கிடையாது. வஞ்சனை போன்ற சிற்சில காரணங்களுக்காக உயர் நீதிமன்றத்தை நாடலாமேயன்றி வேறு வழியில்லை. சாதாரணத் தீர்ப்பு ஒன்று புரியாமற் போனால், மேல்முறையீட்டில் ஒரு வழக்கறிஞர் அதனைச் சரிசெய்யக்கூடும். புரியாமற் கையொப்பமிட்ட ராஜியை யார் சரிசெய்வார்?

சில ஆண்டுகளுக்கு முன் எம் மாணவர் ஒருவரின் தந்தையார், மடித்து வைத்த தாள் ஒன்றைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து என்னிடம் தந்தார். ஐயா, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள் எனக் கேட்டார். ஒரு வழக்கில் அவர் செய்துகொண்ட சமரச உடன்படிக்கை அது. முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. கீழே தமிழில் அவர் கையொப்பம். தமக்கு வரவேண்டிய தொகை ஒரே தவணையில் வரும் என்று அவர் எண்ணியிருந்தார். தாளிலோ பல தவணைகள் குறிக்கப்பட்டிருந்தன. யாரும் அவரை ஏமாற்றியதாக எனக்குத் தோன்றவில்லை. விரைவில் பலர் பேசினர், ஒருவர் தட்டச்சு செய்தார், அவர் கையொப்பமிட்டார். அவ்வளவே. நான் படித்துக் காட்டியபோது அவர் சினம் கொள்ளவில்லை. தலையை மட்டும் அசைத்தார். அன்றிரவு வேதநாயகம் பிள்ளையின் நினைவு எனக்கு வந்தது.

அவர் கட்சிக்காரரை ஊமையாக நிறுத்திய ஆங்கில வாதத்தைக் கண்டித்தார். இன்று கட்சிக்காரர் பேசுகிறார், தமிழிலேயே பேசுகிறார். சமரச அறையில் எல்லாரும் தமிழிலேயே பேசுகின்றனர். பேச்சு தாளுக்கு இறங்கும்போது மொழி மாறிவிடுகிறது. இணையவழியில் இத்தாள் கைப்பேசித் திரையாகிறது. சிறிய திரையில், சிறிய எழுத்தில், ஆங்கிலத்தில் ஓர் உடன்படிக்கை. மனம் பொருந்துவதே ராஜி எனில், புரியாத ஒன்றோடு மனம் எங்ஙனம் பொருந்தும்?

முடிவுரை

எனவே, சமரச உடன்படிக்கை ஒவ்வொன்றும் கட்சிக்காரர் அறிந்த மொழியில் எழுதப்பட்டு, அவருக்குப் படித்துக் காட்டப்பட்ட பின்னரே கையொப்பம் பெறப்படுதல் வேண்டும். இது பெரிய செலவுள்ள செயலன்று. இதற்கு வேண்டுவது தெளிவான தமிழில் எழுதவல்லவர்களே.

தமிழ் படித்தால் என்ன பயன் என்று நம் மாணவர்களைக் கேட்போர் உளர். அவர்களுக்கு வேதநாயகம் பிள்ளையின் வாழ்வே விடை. சட்டப்பணிகள் ஆணையக் குழுக்களில் சட்டத் தன்னார்வத் தொண்டராகச் சேர்ந்து எளியோர்க்கு உதவும் வாய்ப்பு 2009 முதல் இருந்து வருகிறது. அதற்குச் சட்டப் பட்டம் தேவையில்லை. ஒரு மனுவைப் பிழையின்றி எழுதவும், ஓர் உடன்படிக்கையைப் படித்துப் பொருள் கூறவும் வல்ல தமிழ் மாணவர் ஒருவர் நீதிமன்ற வாயிலில் நின்றால், கைநாட்டு வைக்க நீளும் ஒரு கை சற்றே தயங்கி, முதலில் படித்துச் சொல்லுங்கள் என்று கேட்கும். அக்கேள்வி எழுவதற்காகவே மாயூரத்து முன்சீப் தம் ஓய்வு நேரமெல்லாம் எழுதினார். அவர் தொடங்கிய பணியை நாம் தொடர்வோமாக.